பதினெட்டில் புறப்படப் பதினைந்தில் தொடங்குவோம்

(உத்தமபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தமிழர் இடப்பெயர்வு வரலாறு என் துறை. அதில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசலாம் என்று அழைப்பில் சொல்லியிருந்தீர்கள். நடந்து முடிந்த இடப்பெயர்வைவிட நடக்கவிருக்கும் இடப்பெயர்வைப் பேசுவதுதான் இந்த அவைக்குப் பயன்படும் என்று தோன்றியது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பள்ளிக்குப் போனாலும், கூட்டம் கலைந்ததும் யாராவது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து கேட்கிற கேள்வி இது: "சார், பிளஸ் டூ முடிச்சிட்டு வெளிநாடு போய், படிச்சுக்கிட்டே வேலையும் பார்க்க முடியுமா?"

முடியும். ஆனால் இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து வேறு. அந்தப் பயணத்தின் திட்டம் யார் கையில் இருக்கிறது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. போகிற பிள்ளையின் கையில் இருந்தால்தான் அதைக் கல்விப் பயணம் என்று சொல்ல முடியும். வேறொருவர் கையில் இருந்தால், விமானத்தில் போனாலும் அது பழைய ஆள் எடுப்புதான். அந்தத் திட்டம் பிள்ளையின் கைக்கு வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வேண்டும். பதினெட்டில் போக நினைப்பவர் பதினைந்தில் தொடங்க வேண்டும்.

1. பிழைப்புக்காக எல்லை கடப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல

விடியற்காலையில் கம்பத்திலோ கூடலூரிலோ போடியிலோ நின்று பாருங்கள். சோற்றுத் தூக்கோடு ஆணும் பெண்ணும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஏறுகிறார்கள். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலை வேறு மாநிலமானதே தவிர, அங்கே வேலைக்குப் போவது நிற்கவில்லை. வளைகுடாவில் உழைத்த பணம் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் எத்தனை வீடுகளை எழுப்பியது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

அதற்கும் முந்தைய அடுக்கு ஒன்று உண்டு. நம் தேனி மாவட்டம் அன்றைய மதுரை மாவட்டத்தின் பகுதி. மதுரை, திருச்சி, இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களிலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் கண்காணிகள் ஆள் திரட்டினார்கள். கண்காணி அன்னியர் அல்லர். அதே ஊரைச் சேர்ந்தவர், உறவுமுறை சொல்லி அழைக்கப்பட்டவர், தோட்டத்துக்கு முன்பே போய் வந்தவர். அவர் கொடுத்த முன்பணத்தில் தொடங்கிய கடன் தொழிலாளியோடு கூடவே போயிற்று. இலங்கைத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் தொகை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளலாம். தன் பெயரில் இருந்த தாளை அவரால் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. மலாயாவுக்குக் கண்காணி வழியாக ஆள் எடுப்பதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. தன்னைப் பற்றிய தாளைத் தானே படிக்காமல் கடல் கடந்த தலைமுறைகள் நமக்கு இருந்தன. அந்த நிலை மீண்டும் வரக்கூடாது.

2. மின்னஞ்சல் யாருடையது?

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை தன் மகளோடு என்னைப் பார்க்க வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கோப்பு. "சீட்டு கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டாக சார். முன்பணமும் கட்டியாச்சு. ஒரு வாட்டி பார்த்துச் சொல்லுங்க" என்றார். கோப்பில் இருந்தது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடிதம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நிபந்தனைகள் இருந்தன. ஆங்கிலத் தேர்வில் இன்ன மதிப்பெண் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் இன்ன விழுக்காடு வேண்டும், இன்ன தேதிக்குள் இரண்டையும் காட்டாவிட்டால் இடம் இல்லை. முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதும் அதிலேயே இருந்தது. அந்தத் தேதி கடந்துபோய்விட்டது.

மகளைக் கேட்டேன், "இந்தக் கடிதம் வந்ததும் நீ படிக்கவில்லையா அம்மா?" அவள் பெயரில்தான் மின்னஞ்சல் முகவரி இருந்தது. ஆனால் அதைத் திறந்து கொடுத்தவர் இந்தச் சேர்க்கைக்கு ஏற்பாடு செய்த கல்வி ஆலோசகர், கடவுச்சொல்லும் அவரிடம்தான். பல்கலைக்கழகம் அவளுக்கு எழுதிய ஒரு கடிதத்தையும் அவள் பார்த்ததே இல்லை. பள்ளியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பெண் அவள். அந்தக் கடிதம் அவளுக்குப் புரியாமல் போயிருக்காது.

ஆகவே பதினைந்து வயதில் செய்யவேண்டிய முதல் வேலைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. தன் பெயரில், தன் கைபேசி எண்ணில், தன் கடவுச்சொல்லில் ஒரு மின்னஞ்சல். விண்ணப்பங்களை யார் உதவியோடு வேண்டுமானாலும் நிரப்பலாம், ஆனால் அனுப்புவது பிள்ளையாக இருக்கட்டும்.

3. பெயரும் கடவுச்சீட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை போடுகிறவர்கள் பழத்தைச் சந்தைக்கு அனுப்பவேண்டிய நாளை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மாதம் பின்னோக்கி எண்ணித்தான் கவாத்து வெட்டுகிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் அப்படித்தான் பின்னோக்கி எண்ண வேண்டும். அப்படி எண்ணிக்கொண்டே வந்தால் நாம் வந்து நிற்கும் இடம் பத்தாம் வகுப்பு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்கள். பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி சரியா என்று பெற்றோரிடம் கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் பெயர் உலகம் முழுவதும் எப்படி எழுதப்படும் என்பது அன்றைக்கு முடிவாகிறது. பிறப்புச் சான்றில் செல்வி, பள்ளியில் முதலெழுத்தோடு முத்துச்செல்வி, ஆதாரில் தந்தை பெயரைச் சேர்த்து ஒரு நீண்ட பெயர் என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ழகரத்தையும் தகரத்தையும் ஆங்கிலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவது தனிக் கதை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பெயரைப் பெயரின் வாலில் இருந்து நீக்கிய பெருமை நமக்கு உண்டு, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் கடவுச்சீட்டில் இயற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. முதலெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் சில நாடுகளில் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு வருகைக்கான விசாவில் வருபவர்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, இயற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அதற்கு முன் போட்டுவிடுகிறார்கள். தந்தை பெயரையோ தாய் பெயரையோ குடும்பப் பெயராக வைப்பதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். எடுத்த முடிவு எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்த அலைவது பெரிய அலைச்சல்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. சிறுவர் கடவுச்சீட்டு பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரைக்கோ செல்லும். ஆனால் பதினைந்து வயது நிரம்பியவர் பத்து ஆண்டுகளுக்கான கடவுச்சீட்டே கேட்டு வாங்கலாம். பதினைந்தில் அதை வாங்கி வைத்த பிள்ளை, சேர்க்கை நெருங்கும்போது கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் காவல் நிலையச் சரிபார்ப்புக்கும் ஓடவேண்டியதில்லை.

4. "படிச்சுக்கிட்டே வேலை" என்பதன் கணக்கு

இளைஞர்களே, தாளும் பேனாவும் இருந்தால் எடுங்கள். இந்தக் கணக்கை நாம் சேர்ந்தே போடுவோம்.

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி 21 வயது ஆனவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு. 18 முதல் 20 வயதுக்காரருக்கு 10 பவுண்டுதான். விளம்பரங்களில் முதல் எண்ணைத்தான் போடுகிறார்கள், உங்களுக்கு உரியது இரண்டாவது. வாரம் 200 பவுண்டு, மாதத்தை நான்கு வாரமாகக் கொண்டால் 800. அப்போது விசா கேட்ட மாணவர், லண்டனுக்கு வெளியே தங்குவதானால், மாதச் செலவுக்கு 1,136 பவுண்டு வீதம் கையிருப்பு காட்டவேண்டும் என்றது பிரிட்டன் அரசு. லண்டனானால் 1,483. ஒரு மணி நேரம்கூடத் தவறாமல் வேலை கிடைத்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே அந்தக் கணக்கில் மாதம் 336 பவுண்டு துண்டு விழுந்தது. கல்விக் கட்டணத்தை இன்னும் நாம் தொடவே இல்லை. வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம் என்று எவர் சொன்னாலும் இந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.

கனடா 2024 ஜனவரியில், கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்த்தியது. அதாவது ஒரே நாளில் இரட்டிப்பு. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது வரம்பு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே போன வருடம் போன அண்ணன் சொன்ன எண்ணை நம்பக்கூடாது. அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பைப் பிள்ளையே படித்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் கதவு அங்கே இருக்கிறது. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து எடுக்க முடியும். நம் மேல்நிலைத் தேர்ச்சி மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே ஒரு பல்கலைக்கழகப் படிப்பில் முதலாண்டைத் தேறியிருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டும். 2022 நவம்பர் முதல் நம் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சரிபார்த்துச் சான்று தந்தால்தான் மாணவர் விசா.

இன்னொரு வழி ஆஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி. இதில் படிப்பே வேலை. வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் மருத்துவமனையிலோ பட்டறையிலோ பயிற்சி, அதற்கு மாதச் சம்பளம். செவிலியர் பயிற்சி மூன்று ஆண்டு. பொதுத்துறை மருத்துவமனைகளில் முதலாண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் தருகிறார்கள், பிடித்தம் போகக் கைக்கு வருவது குறையும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, ஜெர்மன் மொழி தேவை. பி1 என்னும் நிலையைத் தொட, அன்றாடம் உட்கார்ந்து படித்தால் ஓராண்டளவு ஆகும். பிளஸ் ஒன் தொடங்கும்போதே மாலை நேரத்தில் ஜெர்மன் படித்தால் பதினெட்டில் கையில் சான்று இருக்கும். அந்த வேலை எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவுப் பணி உண்டு, படுத்த படுக்கையான முதியவர்களைத் தூக்கிப் புரட்டி உடல் துடைக்க வேண்டும், அதையும் வேற்று மொழியில் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு மனமுவந்து போகிறவர் போகட்டும்.

5. மருத்துவப் படிப்பும் கடனும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்து இங்கே தொழில் செய்ய விரும்பினால் நீட் தகுதி கட்டாயம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்கவேண்டும். படித்த நிறுவனத்திலேயே 12 மாதப் பயிற்சியும் வேண்டும். திரும்பி வந்து எழுதும் தகுதித் தேர்வில், அண்மை ஆண்டுகளில், எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தேறுவதே அரிதாக இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது நிலவறைகளில் ஒளிந்திருந்து ஊர் திரும்பிய தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்களே. அவர்களில் யாரும் ஆசையால் கெட்டவர்கள் அல்லர். நாட்டில் இடம் கிடைக்காமல் வழி தேடிப் போனவர்கள்.

இனிக் கல்விக் கடன். அதில் ஏழரை லட்சம் ரூபாய் ஒரு முக்கியமான எல்லை. அதற்கு மேல் போனால் வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணையம் கேட்கும். திராட்சைத் தோட்டமோ வீடோ, பட்டாவும் வில்லங்கச் சான்றும் வங்கிக்குப் போகும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை என்பது உண்மை. வட்டி மட்டும் அந்த நாளெல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். 20 லட்சத்துக்கு 10 விழுக்காடு என்றால், தனிவட்டியாக வைத்தாலே நான்கு ஆண்டில் 8 லட்சம். இந்தக் கணக்கை அப்பா மட்டும் வங்கியில் உட்கார்ந்து போடக்கூடாது. கடன் பிள்ளையின் பெயரிலும்தான் இருக்கிறது.

6. பத்தொன்பதில் போன இருவர்

வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. அந்தப் பயணத்தில் போட்ட கணக்குதான் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பாக அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, 1983இல் நோபல் பரிசும் வந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் ஏறுமுன் என்ன இருந்தது என்பதைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்திருந்தார். 1929இலேயே ராயல் சொசைட்டியின் இதழில் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது. அதற்கு உதவிய கேம்பிரிட்ஜ் அறிஞர் பவுலரோடு கடிதத் தொடர்பு இருந்தது. செலவுக்கு அரசின் உதவித்தொகை இருந்தது. நோய்வாய்ப்பட்டிருந்த தாய் சீதாலட்சுமி, தன்னை எண்ணித் தயங்காமல் போகச் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். மகன் அவரை மறுபடி பார்க்கவில்லை. அந்த விலையையும் சேர்த்தே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1958இல் சியாமளா கோபாலன், கமலா ஹாரிஸின் தாய், பெர்க்லிக்குப் போனபோது அவருக்கும் வயது 19. டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் பட்டம் முடித்தவர். விண்ணப்பத்தைத் தானே போட்டார், இடம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அரசு ஊழியரான தந்தை தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து முதலாண்டுச் செலவைத் தர ஒப்புக்கொண்டார். 1964இல் முனைவர் பட்டம், பிறகு மார்பகப் புற்றுநோய் ஆய்வு.

இருவரும் பதின்ம வயதினர், இருவரும் இங்கே ஒரு பட்டத்தை முடித்துவிட்டுப் போனவர்கள். அந்நாள் கல்வி முறையில் பத்தொன்பதில் பட்டம் கிடைத்தது, இன்று அதற்கு இருபது, இருபத்தொன்று ஆகிறது. உதவித்தொகைகளும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் அயல்நாட்டு உயர்கல்வி உதவி, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் எல்லாமே முதுகலைக்கு அல்லது ஆய்வுக்கு. முழு உதவித்தொகை கையில் இல்லாத, மொழி கையில் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பதினெட்டைவிட இருபத்தொன்று நல்ல வயது என்பதே என் முடிவு. போடி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ இந்த ஊர்க் கருத்தராவுத்தர் கல்லூரியிலோ நன்றாகப் படித்த மூன்று நான்கு ஆண்டுகள் தாமதம் ஆகா.

வெளிநாட்டுச் சான்றை இங்கிருந்தே பெறவும் முடியும். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வைச் சென்னையில் இருந்தபடியே தேறினார். 2025 மார்ச் 8 அன்று தன் சிம்பொனியோடு லண்டன் மேடை ஏறினார்.

7. இடையில் நிற்பவர்

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய். ஆனால் அந்தச் சட்டம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மாணவராகப் போகிறவர் அதற்குள் வரவில்லை, அவரை அனுப்பும் கல்வி ஆலோசகரும் வரவில்லை. பஞ்சாப் 2012இல் இத்தகைய ஆலோசகர்களையும் உட்படுத்தித் தனிச் சட்டம் இயற்றியது. அப்படியிருந்தும் 2023இல், போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு கனடா போன மாணவர்கள் பலர், பெரும்பாலும் பஞ்சாபியர், நாடு கடத்தப்படும் நிலையில் நின்றார்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்களை மீட்டுக்கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்மையான ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: உங்களுக்குப் பணம் தருவது நானா, பல்கலைக்கழகமா? பல கல்லூரிகள் ஆள் சேர்ப்பவருக்குத் தரகு தருகின்றன. அவர் காட்டுகிற பட்டியலில் ஒரு நல்ல கல்லூரி ஏன் இல்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

வேலைக்கு நேரடியாகப் போக நினைப்பவர்கள், குறிப்பாகச் செவிலியர் படிப்பு முடிப்பவர்கள், 1978 முதல் நடந்துவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுங்கள்.

நிறைவாக, நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியிடமும் அருகிலுள்ள பள்ளித் தலைமை ஆசிரியர்களிடமும் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் மாதத்தில் ஒரு நாள், பெற்றோரை அழைத்து உட்காரவைத்து, பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். மாலையில் ஒரு ஜெர்மன் வகுப்புக்கு இங்கே ஓர் அறை கொடுங்கள். தேர்வுக்குக் கோவைக்கோ சென்னைக்கோ போய்க்கொள்ளலாம், படிப்பு ஊரிலேயே நடக்கட்டும். மூன்றாவது, வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கும், படித்துத் திரும்பிய, பாதியில் திரும்பிய நம் பிள்ளைகளைப் பொங்கல் விடுமுறையில் அழைத்துப் பேசச் செய்யுங்கள். பாதியில் திரும்பியவரை முதலில் அழையுங்கள். எந்த மாதத்தில் பணம் தீர்ந்தது, எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவரால்தான் சொல்ல முடியும். கேட்க வருகிற பிள்ளைகள் நோட்டோடு வரட்டும்.